வட்டத்துக்குள் எண்

லிங்கநகர்,
திருகோணமலை.
2024 செப்டெம்பர் 14

அன்புத் தங்கச்சி பிரியாவுக்கு,

அக்கா ஜெயரூபி எழுதுகிறேன். நானும் உன் மகள் சதுவும் சுகமாக இருக்கிறோம். ஜோர்தான் வெயில் குறைந்ததா, முழங்கால் நோவுக்கு மருந்து எடுத்தாயா என்று முதலில் எழுது.

போன கிழமை போனில் சண்டை பிடித்த பிறகு நாங்கள் செய்த ஏற்பாட்டின்படி இது முதல் கடிதம். இனிப் போன் உனக்கும் சதுவுக்கும். நீயும் நானும் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புவது. இரண்டாவது நிமிடமே கத்தத் தொடங்குகிற இரண்டு பேருக்கு இது நல்ல வைத்தியம். எழுத்தில் நீ என்னைக் குறுக்கே வெட்ட ஏலாது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

விஷயத்துக்கு வருகிறேன். சதுவுக்கு இந்தத் தவணை கணிதத்தில் முப்பத்தெட்டு. வகுப்பில் படிப்பிப்பவளும் நான், வீட்டில் சோறு போடுபவளும் நான், அவளுக்கு முப்பத்தெட்டு. ஆசிரியர் அறையில் ஸுல்பிகா டீச்சர் புள்ளிப் பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மார்ச்சில் சாதாரண தரச் சோதனை. கணிதத்தில் நல்ல சித்தி இல்லாவிட்டால் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள். இவளோ கப்பல் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்கிறாள். எங்கள் வகுப்பு யன்னலால் பார்த்தால் துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் எல்லாம் தெரியும். கணக்கைப் பார்க்கிற நேரத்தை விட அதைப் பார்க்கிற நேரம் கூட.

இரண்டு கிழமையாக விடைத்தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பிழை விடுகிற பிள்ளைக்குத் தான் பிழை விடுவது தெரியவில்லை. சரியாகச் செய்கிற பிள்ளைக்கும் அது ஏன் சரி என்று தெரியவில்லை. ஆகவே பதினோராம் தரம் நாற்பது பேருக்கும் ஒரு புதுக் கொப்பி கொடுத்திருக்கிறேன். பெயர் நினைப்புக் கொப்பி. வலப் பக்கத்தில் கணக்கு. இடப் பக்கத்தில், அதைச் செய்யும்போது மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். விடைக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டு, இது சரி என்று நூற்றுக்கு எத்தனை நம்புகிறாய் என்பதை வட்டத்துக்குள் எழுத வேண்டும்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டுப் பதில் போடு.

அக்கா

*

இர்பித்,
ஜோர்தான்.
2024 செப்டெம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

பிரியதர்சினி எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் இரத்த அழுத்தக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? சது வெண்டிக்காயைத் தட்டில் ஒதுக்கி வைத்தால் பேசுங்கள், எனக்காகப் பாவம் பார்க்க வேண்டாம்.

சிரித்தேன். யோசிப்பதை யோசிக்கப் படிப்பிக்கிறீர்களாம். எனக்குப் பதினோராம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே. அப்போது உங்கள் கையில் அடிக்கிறதுக்கு ஓர் அடிமட்டம் இருந்தது. நான் என்ன நினைக்கிறேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அடிமட்டத்தைப் பற்றித்தான் நினைத்தேன் என்று.

சரி, பழங்கதை வேண்டாம். அவள் தகப்பன் போன பிறகு இந்தப் பிள்ளை படித்துவிட வேண்டும் என்ற ஒன்றுக்காகத்தான் நான் இங்கே முப்பத்தாறு தையல் மெசினுக்கு நடுவில் நிற்கிறேன். இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் இருக்கிறது. கொப்பியோ வட்டமோ, அவளுக்குக் கணக்கு வந்தால் போதும்.

உடம்பைப் பாருங்கள்.

பிரியா

*

லிங்கநகர்,
2024 நவம்பர் 10

அன்புத் தங்கச்சிக்கு,

இருவரும் சுகம். மழை விடாமல் பெய்கிறது, உடுப்புக் காயவில்லை, எனக்குத் தும்மல். நீ கம்பளி உடுப்பை வெளியே எடுத்துவிட்டாயா?

பதில் எழுதப் பிந்திவிட்டது. நாற்பது கொப்பியின் இடப் பக்கத்தை வாசிப்பது லேசான வேலை இல்லை. ஒருவர் மண்டைக்குள் போய் வருவதே களைப்பு, நான் நாற்பது மண்டைக்குள் போய் வருகிறேன். இன்ஷிரா எல்லா விடைக்கும் நூறு போடுகிறாள், பாதி பிழை. போன மாதம் ஒருத்தி கொப்பியைக் காணவில்லை என்றாள். பஸ் நிலையத்தில் மான் தின்றுவிட்டதாம். தெருவெல்லாம் மான் திரிகிற இந்த ஊரில் அதை நம்பாமலும் இருக்க ஏலாது. எவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன், எழுபது என்றாள்.

இன்னொருத்தி எழுதியதைக் கேள். "டீச்சர் மேசை மேசையாக வருவா. பிழையான விடைக்குப் பக்கத்தில் நிற்பா. சரியென்றால் போய்விடுவா. டீச்சர் நின்றால் நான் அழித்துவிட்டு மற்றதை எழுதுவேன். இந்தக் கணக்கை அப்படித்தான் செய்தேன்." பதினெட்டு வருடம் படிப்பிக்கிறேன், பிரியா. அவர்கள் கணக்கைப் படிக்கவில்லை, என் காலைப் படித்திருக்கிறார்கள். அதை வாசித்த பிறகு வகுப்பில் எங்கே நிற்பது, எப்போது நடப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறேன்.

சதுவுக்கு இந்த முறை எழுபத்தொன்று. ஓம், சரியாகத்தான் வாசித்தாய். தான் படத்தைப் பார்த்தே கோணத்தை ஊகிப்பதைத் தானே பிடித்துவிட்டாள். இப்போது எதற்கும் வட்டம். நேற்றுக் கடைச் சீட்டில் எழுதியிருந்தாள்: சீனி இல்லை, நூறு. பருப்பு இல்லை, அறுபது. போய்ப் பார்த்தால் பருப்பு இருந்தது.

அதிபருக்குப் பாடத்திட்டம் முடியாது என்ற பயம். முடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். படுத்தால் அடுத்த நாள் பாடம்தான் ஓடுகிறது.

சூடாகத் தண்ணீர் குடி.

அக்கா

*

இர்பித்,
2024 டிசெம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் எலும்புக்குள் போய்விட்டது, மற்றபடி நலம். உங்கள் தும்மல் நின்றதா? சது போனில் எழுபத்தொன்று என்று சொல்லும்போது நான் அழுதேன், அவளுக்குத் தெரியாது. உங்களுக்கு என் நன்றி. போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, எழுத்தில் வருகிறது.

உங்கள் வித்தையை நானும் இங்கே செய்து பார்த்தேன். என் வரிசையில் தைக்கிற பிள்ளைகளிடம், தையல் சரியென்று எவ்வளவு நம்புகிறாய், துணியில் சோக்கால் ஓர் எண் போடு என்றேன். ஒரு பிள்ளை நாள் முழுக்க ஐம்பது போட்டாள். தையல் நன்றாகத்தான் இருந்தது. என்னடி என்றால், வீட்டிலிருந்து நாலு நாளாகப் போனில் கதை இல்லையாம். இரண்டாம் நாள் மனேஜர் வந்து கத்தினார், விட்டுவிட்டேன்.

அதில் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. இங்கே சோக்குக் குறி எதுவாக இருந்தாலும் பெட்டி கட்டுமுன் துடைக்க வேண்டும். துடைக்காத உடுப்பு திரும்பி வரும். சது கடைச் சீட்டிலேயே வட்டம் போடுகிறாள் என்கிறீர்கள். சோதனைத் தாளிலும் போட்டுவிடுவாளோ? அது போடலாமா? போடக்கூடாது என்றால் யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா? நான் படிக்காதவள், எனக்குத் தெரியாது. கேட்கிறேன்.

அன்புடன்,
பிரியா

*

லிங்கநகர்,
2025 ஜனவரி 19

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கல் நல்லபடி போனது. சது கோலம் போட்டாள். எனக்கு இடுப்பு நோ, வேறொன்றும் இல்லை. உனக்கு அங்கே பொங்க இடம் கிடைத்ததா?

ஆறு கிழமை எழுதாததற்குக் கோபிக்காதே. ஓரிடத்தில் இருக்க விடுகிறார்கள் இல்லை. நினைப்புக் கொப்பியைப் பார்க்க நிலாவெளியிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து போகிறார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் இரண்டு கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். பெப்ரவரியில் கருத்தரங்கில் பேச வேண்டும், நாற்பது நிமிடம். நான் பேசும்போது கையை எங்கே வைப்பது என்றுதான் பெரிய யோசனை. சது கண்ணாடி முன்னால் நிற்கவைத்துப் பழக்குகிறாள்.

அவளுக்கு மாதிரிச் சோதனையில் எழுபத்தெட்டு. பாடம் எடுக்க வேண்டும், போகிறேன்.

அக்கா

*

இர்பித்,
2025 பெப்ரவரி 2

அக்கா,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள். கருத்தரங்குக்கு அந்த மெரூன் சாறியை உடுங்கள்.

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடி கேட்கிறேன். சோதனைத் தாளில் வட்டம் போடக்கூடாது என்று சொன்னீர்களா?

பிரியா

*

லிங்கநகர்,
2025 மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

சது போனில் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை, மூன்றாம் திகதி, அவளுக்கு அம்மாள் வருத்தம் போட்டுவிட்டது. முகத்திலும் முதுகிலும்தான் கூட. காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதே. இன்று ஏழாம் நாள், கொப்புளங்கள் காயத் தொடங்கிவிட்டன. சோதனை பதினேழாம் திகதி, அதற்குள் தலைக்குத் தண்ணீர் வார்த்துவிடுவோம். மூன்றாம் திகதி தொடங்கி அவள் வாசல் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் மட்டும் போய் வருகிறேன்.

வாசல் படலையில் வேப்பிலை கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரி அக்கா வந்து முற்றத்தில் நின்றபடி சட்டம் போடுகிறார். நான் வெளியில் இருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். தாளிக்கக்கூடாது. கொப்பி புத்தகம் கண்ணில் காட்டக்கூடாது. "சோதினைக் கதை கதைச்சுப் பிள்ளையைச் சூடாக்காதையும் ரூபி, அம்மாள் இறங்கிப் போகட்டும்" என்றார். கணிதம் படிப்பிக்கிற எனக்கு இதில் நம்பிக்கை எத்தனை வீதம் என்று நீ கேட்கலாம். கேட்காதே. எல்லாவற்றையும் அப்படியே செய்கிறேன். அந்த அறைக்குள் சோதனை என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை.

நீ கேட்ட வட்ட விஷயம் முடிந்தது. அதை விட்டுவிடு.

நான்தான் வீட்டுக்குள் நடந்து நடந்து தரையைத் தேய்க்கிறேன். கோயிலில் அவள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன், உன் பெயருக்கும்.

அக்கா

*

லிங்கநகர்,
2025 யூலை 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கச்சான் காற்று, வீடு முழுக்க மண். கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மண். காலையில் இருந்து சாத்தித் திறந்துகொண்டிருக்கிறேன்.

பெறுபேறு வந்து ஒன்பது நாளாகிறது. எங்கள் வகுப்பில் கணிதத்தில் பதினோரு பேருக்கு ஏ. பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில் இருந்து இப்படி வந்ததில்லையாம். இன்ஷிராவுக்கு பீ. தாயையும் கூட்டிக்கொண்டு வந்து வட்டிலப்பம் தந்துவிட்டுப் போனாள். சதுவுக்குத் தமிழ் ஏ, விஞ்ஞானம் ஏ, வரலாறு பீ. எல்லாம் அவள் சொல்லியிருப்பாள். கணிதம் மட்டும் வரப் பிந்துகிறது. சில பேருக்கு அப்படித்தான் நடக்கும்.

உன் முழங்காலுக்கு ஓர் எண்ணெய் அனுப்புகிறேன்.

அக்கா

*

இர்பித்,
2025 யூலை 21

அக்கா,

எண்ணெய் வேண்டாம்.

சதுவின் சோதனைச் சுட்டெண்ணைப் போனில் அடித்து நானே பெறுபேற்றைப் பார்த்தேன். மற்ற எட்டுப் பாடத்துக்கும் எழுத்து இருக்கிறது. கணிதத்துக்கு நேரே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று இருக்கிறது. பிந்துகிறது என்று எங்கும் இல்லை. சதுவிடம் கேட்டால் பெரியம்மாவைக் கேளுங்கோ என்று சொல்லிப் போனை வைக்கிறாள். அவள் ஒருநாளும் எனக்கு முதல் போனை வைத்ததில்லை.

என்ன நடந்தது? வட்டமா?

பிரியா

*

லிங்கநகர்,
2025 யூலை 27

அன்புத் தங்கச்சிக்கு,

வட்டம்தான். ஒன்றும் சொல்லாமல் இருந்தது உனக்கு நெஞ்சு வலிக்கக்கூடாது என்றுதான்.

கணித விடைத்தாளில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் சது வட்டம் போட்டு எண் எழுதியிருக்கிறாள். தொண்ணூறு, நாற்பது, நூறு என்று தாள் முழுக்க. திருத்துகிறவர்களில் தெரிந்த யாருக்கோ இது என் தாள் என்று காட்டும் அடையாளம் என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல ஏலாது. தேவையில்லாத குறி எதுவும் போடக்கூடாது என்று தாளின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து கடிதம் யூன் பன்னிரண்டாம் திகதி வந்தது. பாட ஆசிரியர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

நினைப்புக் கொப்பி வகுப்பறைக்கு மட்டும் உரியது என்றும், மார்ச் ஏழாம் திகதி, வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பில், சோதனைத் தாளில் வட்டம் போடக்கூடாது என்று எல்லா மாணவிகளுக்கும் தெளிவாகச் சொன்னேன் என்றும் எழுதினேன். சொன்னேன்தான். முப்பத்தொன்பது பேர் போடவில்லையே, அதுவே சாட்சி.

யூலை மூன்றாம் திகதி வலய அலுவலகத்தில் விசாரணை. வீரசிங்கம் என்று ஓர் அதிகாரி, மரியாதையான மனிதர். "டீச்சர் சொல்லியும் ஏன் பிள்ளை எழுதினீர்?" என்று சதுவைக் கேட்டார். "மறந்திட்டன் சேர்" என்றாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அவள் மறந்துவிட்டாள், வேறென்ன. முடிவு ஓகஸ்ட் கடைசியில் வரும். கணிதம் ரத்தானால் அடுத்த வருடம் மறுபடி எழுதலாம், ஒரு வருடம் பெரிய விஷயம் இல்லை.

நீ யோசித்து உடம்பைக் கெடுக்காதே.

அக்கா

*

இர்பித்,
2025 ஓகஸ்ட் 1

அக்காவுக்கு,

நான் சுகம் இல்லை. அதனால் உங்கள் சுகத்தையும் கேட்கவில்லை.

உங்கள் கடிதங்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. ஒன்றையும் அழித்ததில்லை. மார்ச் ஒன்பதாம் திகதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் திகதி அவளுக்கு அம்மாள் போட்டது, அன்று தொடங்கி வாசல் பக்கமே போகவில்லை என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. வகுப்பில் நீங்கள் சொன்னதோ ஏழாம் திகதி. அன்று என் பிள்ளை வேப்பிலையில் கிடந்தாள். அந்த அறைக்குள் சோதனை என்ற சொல்லையே எடுக்கவில்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததை அவள் எப்படி மறப்பாள்? உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் மறந்திட்டன் என்று சொன்னாளே, அது யாருக்காக?

அந்தக் கடிதத்தை நான் இங்கிருந்தே அதிகாரிக்கு அனுப்பலாம். அனுப்பவில்லை. போன் எடுத்துக் கத்தலாம். கத்தினால் நீங்களும் கத்துவீர்கள், பிறகு நாங்கள் சண்டையைப் பற்றித்தான் நினைப்போம், நீங்கள் தப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். விளக்கத்தில் எல்லா மாணவிகளுக்கும் என்று எழுதும்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? நாற்பது பிள்ளைகளிடம் கேட்கிறீர்களே, அதே கேள்விதான்.

ஓகஸ்ட் முடிய முப்பது நாள் இருக்கிறது.

பிரியதர்சினி

*

லிங்கநகர்,
2025 ஓகஸ்ட் 24

அன்புத் தங்கச்சிக்கு,

இருவரும் சுகம் என்று பழக்கத்தில் எழுதத் தொடங்கினேன். உடம்பளவில் சுகம்.

உன் கடிதம் வந்து இருபத்து மூன்று நாள். முதல் பத்து நாளும் உனக்கு மறுப்பு எழுதினேன். நாலு மறுப்பு எழுதினேன், நாலையும் கிழித்தேன். ஒன்றில், பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போன உனக்கு என்ன தெரியும் என்று எழுதியிருந்தேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். எழுதிவிட்டுக் குசினிக்குப் போனால் சது பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். "பெரியம்மா, சோறு போடட்டே?" என்றாள். திரும்பி வந்து கிழித்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு இது பதில். சதுவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று மார்ச்சில் எனக்கு உண்மையாகவே தோன்றவில்லை. வகுப்புக்குச் சொன்னேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியாமலா இருக்கும் என்று மனம் தானாக முடிவெடுத்துவிட்டது. ஆனால் யூனில் விளக்கம் எழுதும்போது, எல்லா மாணவிகளுக்கும் என்ற இடத்தில் பேனை நின்றது. சது அன்று வரவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். முற்றத்தில் மூன்று சுற்று நடந்தேன். என்னென்ன ஓடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல என்னால் முடியும். தூரத்து வெருகல் பக்கம் இடமாற்றிவிடுவார்கள். கருத்தரங்கில் கைதட்டியவர்கள் என்ன சொல்வார்கள். இனி ஒருவரும் அந்தக் கொப்பியைத் தொட மாட்டார்கள். சது வீட்டுப் பிள்ளை, காட்டிக்கொடுக்க மாட்டாள். இவ்வளவையும் தெளிவாகப் பார்த்துவிட்டு வந்து இருந்து, எல்லா மாணவிகளுக்கும் என்று எழுதினேன். உன் நினைப்பை நீயே பார் என்று ஒரு வருடம் படிப்பித்தேன், பிரியா. பார்த்த பிறகு என்ன செய்வது என்று படிப்பிக்கவில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

வெட்கமாக இருக்கிறது. இந்த வரியை எழுதுமுன் மூன்று தரம் எழுந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வலய அலுவலகத்துக்குப் போனோம். மார்ச் மாத வரவு இடாப்பையும், பிள்ளைகளிடம் திரும்பச் சேர்த்த கொப்பிகளையும், உனக்கு எழுதிய மார்ச் கடிதத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் நாள் சதுவை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். காலையில் எனக்கு முதல் உடுத்துக்கொண்டு நின்றாள்.

வீரசிங்கம் அவர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாக் கொப்பியிலயும் வட்டம் இருக்கு, பிள்ளை அண்டைக்கு வரவும் இல்லை. இனிப் பிள்ளைக்குப் பெரிசாப் பிரச்சினை வராது எண்டுதான் நினைக்கிறன். பிரச்சினை உங்களுக்குத்தான் டீச்சர். முதல் தந்த விளக்கத்தில வேற மாதிரி எழுதியிருக்கிறியள்." கொஞ்ச நேரம் பேனையை உருட்டினார். "பிள்ளை வராதது மறந்திட்டன் எண்டு ஒரு வரி போடுங்கோ. மனிசர் மறக்கிறதுதானே. அதோட முடிஞ்சிரும்."

நல்ல மனம் படைத்த மனிதர். நான் சதுவைப் பார்த்தேன். யூலையில் அதே கதிரையில் இருந்துதான் அவள் எனக்காக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"மறக்கேல்லை சேர்," என்றேன். "எழுதேக்க எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினனான்."

அவர் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துக் கையெழுத்துக்குத் தாளை என் பக்கம் தள்ளும்போதுதான் சது வாயைத் திறந்தாள்.

"சேர், நானும் ஒண்டு சொல்ல வேணும். போனமுறை நான் மறந்திட்டன் எண்டது பொய்."

"அது விளங்கீற்றுது பிள்ளை."

"அது மட்டும் இல்லை சேர். முதலாவது வட்டம் போடேக்க எனக்கு ஒரு யோசினை வந்தது. இது கொப்பி இல்லையே, இதில போடலாமோ எண்டு. போடக்கூடாது எண்டுதான் கூட நினைச்சன்."

"பிள்ளை, இது உமக்கு நல்லதில்லை. யோசிச்சுக் கதையும்."

"யோசிச்சுத்தான் சேர் சொல்லுறன். பெரியம்மாவும் உள்ளதைச் சொல்லியிருக்கிறா." அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போடக்கூடாது எண்டு நினைச்சுப்போட்டும் நான் ஏன் போட்டனான் எண்டால், அப்பிடி ஒண்டு இருந்தால் பெரியம்மா எனக்குத்தானே முதல் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன். அதையும் எழுதுங்கோ."

அதிகாரி பேனையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். எழுதுங்கள் என்றேன். அவர் எழுதினார், அவள் சொன்னபடியே, ஒரு சொல் விடாமல். சதுவுக்குப் பதினெட்டு ஆகாதபடியால் அதற்குக் கீழே பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும் என்றார்.

கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜெயரூபி